மலையும் நடக்கும்!

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள், 'நன்றாகப் படியுங்கள், பெற்றோரை மதியுங்கள்' என்று சொல்லிவிட்டு அமர்வது வழக்கம். நல்ல வழக்கம்தான், நானும் கடைசியில் அதைச் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால், நாம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பற்றிச் சற்றே பேச விரும்புகிறேன். நாற்காலியைச் சொல்லவில்லை. நாற்காலிக்கும் கீழே இருக்கிறதே, இந்தத் திரிங்காப் மலை, அதைச் சொல்கிறேன். மலைச்சரிவுகளை அளப்பதே என் தொழிலாக இருந்ததால், எனக்குத் தெரிந்ததும் அதுதான்.

நம் வீட்டுக் கல்யாணத்தில் மணப்பெண்ணின் காலைத் தூக்கி அம்மிமேல் வைக்கிறோம். ஏன்? கல்லைப்போல் உறுதியாக இரு என்று வாழ்த்துவதற்காக. கல் என்றால் அசையாதது, மாறாதது என்பது நம் எண்ணம். ஆனால் அதே முன்னோர்கள்தாம், 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்றும், 'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்றும் சொல்லி வைத்தார்கள். இன்றைய விஞ்ஞானம் இந்த இரண்டாவது கட்சியைத்தான் சேர்ந்தது. கல் தேயும், கல் வளையும், கல் ஒழுகும், மலையே நடக்கும். ஒன்றே ஒன்று: அது மெதுவாக நடப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த மெதுவான நகர்ச்சிக்கு 'ஊர்வு' என்று பெயர். நத்தை ஊர்கிறதல்லவா, அந்த ஊர்வுதான். மலையின் ஊர்வுக்கு முன்னால் நத்தை குதிரைமாதிரி!

கல்லை இளக்கும் நான்கு

'என்னங்க இது, கல்லு எப்படிங்க வளையும்?' என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. வீட்டுச் சாமான்களை வைத்தே பார்ப்போம்.

ஒரு மெழுகுவர்த்தியைச் சட்டென்று ஒடித்தால் இரண்டு துண்டாகும். அதையே வெயில் படும் ஜன்னலோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போங்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் ஒடியாமலேயே வளைந்து கிடக்கும். யாரும் அதைத் தொடவில்லை. சூடு, அதன் சொந்தச் சுமை, நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்து அதை வளைத்துவிட்டன.

இன்னொன்று. பொரிக்காத அப்பளம் காய்ந்திருந்தால் என்ன ஆகும்? 'படக்'கென்று உடையும். மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்தே வைத்துவிட்டால்? 'வளையும் ஐயா!' என்கிறான் முன்வரிசைத் தம்பி. சபாஷ்! அதே அப்பளம், அதே உளுந்து மாவு. ஈரம் உள்ளே போனதும் அதன் குணம் மாறிவிட்டது.

கல்லுக்கும் இந்த நான்கும்தான்: சூடு, சுமை, நீர், காலம். பூமிக்குள்ளே ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் வெப்பம் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை ஏறுகிறது. கிரானைட் கல்லில் கண்ணாடித் துண்டுபோல் மின்னுகிற குவார்ட்ஸ் என்னும் படிகம், 300 டிகிரி அளவில் உடைவதை விட்டுவிட்டு மெல்ல மெல்ல இழுபடத் தொடங்குகிறது. உருகி அல்ல, கெட்டியாக இருந்துகொண்டே! பெல்ட்ஸ்பார் என்னும் இன்னொரு படிகத்துக்கு 450 டிகிரிக்கு மேல் வேண்டும்.

நீரின் வேலையை 1965-ஆம் ஆண்டில் கிரிக்ஸ், பிளேசிக் என்னும் இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் எடுத்துக் காட்டினார்கள். மிகுந்த சூட்டிலும் அழுத்தத்திலும்கூட, வறண்ட குவார்ட்ஸ் படிகம் எளிதில் வளைந்து கொடுக்கவில்லை. படிகத்துக்குள் இம்மியளவு நீர் இருந்தால் அது வெகுவாகப் பலம் இழந்தது. நம் அப்பளக் கதைதான், கல்லில்!

இவையெல்லாம் பூமியின் அடியாழத்தில்தான் நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பின்லாந்து நாட்டின் தலைநகர் ஹெல்சிங்கியில் 1971-ஆம் ஆண்டில் பின்லாண்டியா மண்டபம் என்னும் அழகிய கட்டடத்தைத் திறந்தார்கள். வெளிச்சுவர் முழுவதும் இத்தாலி நாட்டுக் கராரா வெள்ளைப் பளிங்குப் பலகைகள். சில ஆண்டுகளில் அந்தப் பலகைகள், வெயிலில் காய்ந்த பலாச் சுளையைப்போல் வளையத் தொடங்கின. 1990-களின் கடைசியில் அத்தனையையும் கழற்றிவிட்டுப் புதிய பளிங்கு பதித்தார்கள். அதுவும் வளைந்தது! காரணம் தட்பவெப்பம். பளிங்கின் படிகம் சூடானால் ஒரு பக்கம் நீளும், இன்னொரு பக்கம் சுருங்கும். கோடையும் குளிரும் மாறி மாறி வர, ஈரமும் கூடச் சேர, படிகங்கள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளித் தங்கள் பிடியைத் தளர்த்திக்கொண்டன. பார்த்தீர்களா? சுற்றுப்புறம் மாறினால் கல்லின் குணமும் மாறும்.

நம்ம மலையின் கதை

இப்போது நம் மலைக்கு வருவோம். தித்திவாங்சா மலைத்தொடரின் கிரானைட், 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் கொதிக்கும் குழம்பாக இருந்து ஆறி இறுகியது. அதன் தலைக்குமேல் இருந்த பாறைகளை மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக்கொண்டு போயின. அதனால்தான் அன்று அடியில் கிடந்தது இன்று 2,031 மீட்டர் உயரத்தில் குனோங் பிரிஞ்சாங் உச்சியில் நிற்கிறது. ஆங்காங்கே கிரானைட்டின் தலையில் ஒட்டிக்கொண்டு பழைய ஏட்டுப் பாறையும் மிச்சம் இருக்கிறது. அதை உடைத்துப் பார்த்தால் மடித்து வைத்த சேலைபோல மடிப்பு மடிப்பாக இருக்கும். கெட்டிக் கல் ஒரு காலத்தில் துணிபோல் மடிந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

மேலே வந்த பிறகு கல்லுக்கு இன்னொரு எதிரி காத்திருக்கிறது. கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. சோடா பாட்டிலில் நுரைக்கிறதே, அதே வாயுதான். அந்த மெல்லிய புளிப்பு நீர் பட்டுப் பட்டு, கிரானைட்டில் இருக்கும் பெல்ட்ஸ்பார் களிமண்ணாக மாறிவிடுகிறது. குவார்ட்ஸ் மட்டும் மணலாக மிஞ்சுகிறது. குளிர் நாடுகளில் இது மிக மெதுவாக நடக்கும். நம்முடையது மலைநாடு, குளிர்கிறது என்று நாம் சொன்னாலும், உலகக் கணக்கில் இது ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள ஊர். ஆகவே இங்கே பாறை பல மீட்டர் ஆழத்துக்கு உளுத்துப்போயிருக்கிறது.

ரோட்டுக்காக வெட்டிய மேட்டைப் பாருங்கள். பாறையின் கோலம் அப்படியே தெரியும். புள்ளி புள்ளியாகப் படிகம்கூடத் தெரியும். விரலை வைத்தால் பொலபொலவென்று உதிரும். அதாவது உருவம் பாறை, உள்ளம் மண்! இடையிடையே உளுக்காத பெரிய உருண்டைக் கற்கள் முட்டைபோல் புதைந்து கிடக்கும்.

இந்த உளுத்த மண் ஈரத்தில் ஊதுகிறது, வெயிலில் சுருங்குகிறது. ஊதும்போது சரிவுக்கு நேராக வெளியே எழும்பும். சுருங்கும்போது பழைய இடத்துக்கே திரும்பாமல் கொஞ்சம் கீழே தள்ளி அமரும். ஒரு மழைக்கு ஒரு மயிரிழை. இப்படியே ஆண்டுகள் போனால் வேலிக்கால் சாய்கிறது, படிக்கட்டு சுவரை விட்டு விலகுகிறது, மரம் அடியில் வளைந்து மேலே நிமிர்கிறது. இதுதான் மண்ணின் ஊர்வு.

நீர் செய்யும் வேலை

மலை ஊர்ந்துகொண்டே இருந்தால் பெரிய ஆபத்தில்லை. ஊர்வு வேகம் பிடிப்பதுதான் ஆபத்து. வேகத்தைக் கூட்டுவது பெரும்பாலும் நீர்.

'மண் நனைந்து வழுக்குகிறது' என்று நாம் சொல்கிறோம். அதில் பாதிதான் உண்மை. ஈரமான மேசைமேல் சூடான கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து வைத்தால், யாரும் தள்ளாமலேயே அது நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே அடைபட்ட காற்று சூடாகித் தம்ளரைத் துளி மேலே தூக்குகிறது. மேசைக்கும் தம்ளருக்கும் உள்ள பிடி விட்டுப்போகிறது. மலைக்குள் அடைபட்ட மழைநீரும் அப்படித்தான் மண்ணைத் தூக்குகிறது. மண்ணுக்கு மண் உள்ள பிடி குறைகிறது. மழை நின்றபின்கூட நீர் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே மழை விட்டுவிட்டது என்று உடனே நிம்மதி அடைய முடியாது.

இதில் மனிதன் செய்கிற வேலை மூன்று. மலையின் காலை வெட்டுகிறான். தலையில் மண்ணைக் கொட்டுகிறான். நீர் போகும் வழியை அடைக்கிறான். நிற்கிற மனிதனின் காலைத் தட்டி, தலையில் மூட்டையை ஏற்றி, தண்ணீரையும் ஊற்றினால் எவ்வளவு நேரம் நிற்பான்?

இத்தாலியில் வயோன்ட் என்று ஓர் அணை. அதன் பக்கத்தில் தோக் என்னும் மலை. 1960-ஆம் ஆண்டில் மலைமேல் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு வெடிப்பு விழுந்தது. அணையில் நீர் ஏறினால் மலை வேகமாக ஊரும். நீர் இறங்கினால் ஊர்வு அடங்கும். பொறியாளர்கள் அளந்துகொண்டேதான் இருந்தார்கள். நீர்மட்டத்தை ஏற்றி இறக்கி மலையைக் கட்டுப்படுத்திவிடலாம் என்று நம்பினார்கள். கடைசி நாள்களில் ஊர்வு ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டர் அளவுக்குப் போனது. 1963 அக்டோபர் 9-ஆம் தேதி இரவில் சுமார் 26 கோடி கன மீட்டர் பாறை ஒரே மூச்சில் அணைநீருக்குள் பாய்ந்தது. எழும்பிய அலை அணையைத் தாண்டிக் குதித்துக் கீழே இருந்த ஊர்களை அழித்தது. சுமார் 2,000 பேர் மாண்டார்கள். அணை இன்றும் நிற்கிறது. மலை மூன்று ஆண்டுகள் சேதி சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்டவர்கள் அதற்குத் தகுந்தபடி நடக்கவில்லை.

நம் மக்கள் கண்டது

அது வெள்ளைக்காரன் தேசம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தை என்று ஒரு தோட்டம். நம்மைப்போலவே தேயிலையில் உழைக்கும் தமிழர்கள். 2014 அக்டோபர் 29-ஆம் தேதி காலையில் மலை இறங்கி வந்து லயங்களை மூடிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள்; திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று அந்நாட்டு ஆய்வு நிறுவனம் 2005-லும் 2011-லும் முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தார்கள். வேறு வீடு கட்டிக் கொடுக்காமல் 'எழும்பிப் போ' என்றால் ஏழை எங்கே போவான்?

அதே இலங்கையில் நல்ல உதாரணமும் உண்டு. ஹட்டனுக்குப் போகும் ரயில் பாதையில் வட்டவளை என்னும் இடத்தில், 1990-களின் தொடக்கத்தில் மலைச்சரிவு ஊர்ந்து தண்டவாளத்தையே இழுத்துக்கொண்டு போனது. அங்கே மலையின் வயிற்றுக்குள் நீண்ட வடிகுழாய்களைத் துளைத்து நீரை வடித்தார்கள். உள்ளே நீர்மட்டம் இறங்கியது, மலை அடங்கியது. மலையோடு மல்லுக்கட்டவில்லை, மலைக்குள் இருந்த நீரை இறக்கிவிட்டார்கள். வைத்தியம் இருக்கிறது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்கிறோம்.

நம் கேமரன் மலையிலும் கண்ணீர்க் கதைகள் உண்டு. 2011 ஆகஸ்ட் 7-ஆம் தேதி சுங்கை ருயில் பூர்வகுடி கிராமத்தில் நிலச்சரிவில் ஏழு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 26-ஆம் தேதி விடியும் முன்னே, கம்போங் ராஜா புளூவேலி பகுதியில் தூங்கிக்கொண்டிருந்த ஐந்து மியன்மார் தொழிலாளிகளை மண் மூடியது. பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்கள். நம் தாத்தா பாட்டியும் அப்படித்தானே வந்தார்கள்? மேட்டுக்கு அடியில் கொட்டகை போட்டுக் கொடுத்தால், இதில் ஏன் படுக்க வேண்டும் என்று கேட்கும் நிலையிலா அவர்கள் இருந்திருப்பார்கள்?

கண்ணும் நோட்டும்

ஆகவே பெற்றோர்களே, மாணவர்களே, நான் உங்களிடம் கேட்பது பயப்படச் சொல்லி அல்ல, பார்க்கச் சொல்லி. இந்த மலையைக் காலையும் மாலையும் பார்க்கிறவர்கள் நீங்கள்தான். நிரைநிரையாகக் கொழுந்து பறிக்கிற அம்மாவுக்குத் தெரிகிற வெடிப்பு, ஆபீசில் உட்கார்ந்திருக்கும் பொறியாளருக்குத் தெரியாது.

தரையில் புது வெடிப்பு விழுந்தால் கவனியுங்கள். வெடிப்பின் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் இன்னும் கவனியுங்கள். நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று இடிக்கிறதா? நேராக நின்ற கம்பமும் வேலியும் சாய்கிறதா? இல்லாத இடத்தில் ஊற்று கசிகிறதா? தெளிவாக வந்த ஊற்று நீர் கலங்கி வருகிறதா? வளைந்த மரம் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். மரம் வெளிச்சம் தேடியும் வளையும். இரண்டு மூன்று அடையாளங்கள் சேர்ந்து, மழையும் பெய்துகொண்டிருந்தால், சாமான் எடுக்க நிற்காதீர்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் அழைத்துக்கொண்டு பக்கவாட்டில் விலகிப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். 999-க்கு அழையுங்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: எல்லாச் சரிவும் சேதி சொல்லிவிட்டு வருவதில்லை. கொட்டுகிற மழையில் செங்குத்தாக வெட்டிய மேடு, ஒன்றும் சொல்லாமலே விழும். ஆகவே அடைமழை நாளில் அப்படிப்பட்ட மேட்டின் அடியில் படுக்காமல் இருப்பதே புத்தி.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். பெரியவர்கள் துணையோடு, பத்திரமான இடத்தில் உள்ள ஒரு சிறு வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடியுங்கள். சனிக்கிழமைதோறும் இரண்டு முளைக்கும் உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். நேர்ச்சுவருள்ள ஒரு தகர டப்பாவைத் திறந்த வெளியில் வைத்துத் தினமும் மழையை அளந்து பக்கத்தில் எழுதுங்கள். தூரம் மாறவே இல்லையா, நல்லது. மாதத்துக்கு ஒரே அளவில் கூடுகிறதா, பெரியவர்களிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு வாரமும் முந்திய வாரத்தைவிட அதிகமாகக் கூடுகிறதா, அன்றைக்கே சொல்லுங்கள்! ஆசிரியரிடம், தோட்ட நிர்வாகத்திடம், பொதுப்பணி இலாகாவிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள். 'மலை நகருதுங்க ஐயா' என்று வாயால் சொன்னால் சிரிப்பார்கள். தேதியும் அளவும் எழுதிய நோட்டைப் பார்த்தால் சிரிக்க மாட்டார்கள்.

தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. சொன்னால் வேலைக்கு இடைஞ்சல் வருமோ, 'உனக்கெதுக்கு இந்தப் பேச்சு' என்று கேட்பார்களோ என்று நம்மில் பலர் வாயை மூடிக்கொள்கிறோம். தனியாளாகப் போய்ச் சொல்ல வேண்டாம். சங்கத்தின் வழியாக, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாக, நாலுபேர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுங்கள். நம் லயத்து வாய்க்கால் அடைபடாமல் பார்த்துக்கொள்வதும், குப்பையைச் சரிவில் கொட்டாமல் இருப்பதும் நம் கையில் இருக்கிறது. மலையை வெட்டாதே, வெட்டினால் முறையாக நீரை வடி, ஆபத்தான இடத்தில் குடியிருப்பு வைக்காதே என்று கேட்பது நம் உரிமை. பக்கத்துக் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு நம் மொழி தெரியாமல் இருக்கலாம். வெடிப்பைக் கையால் காட்டினால் அவருக்கும் புரியும்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்கும் உங்களுக்கு என் பாராட்டு. வாங்காதவர்களுக்கும் என் வாழ்த்து. கல்லே மாறும்போது மார்க் மாறாதா? ஒரே நாளில் மலையை யாரும் கரைத்ததில்லை. துளித்துளியாகத்தான் மழை அதைச் சாதித்தது. நீங்களும் நாளுக்கு ஒரு பக்கம் படியுங்கள். பூமியைப் பற்றிப் படியுங்கள். மண்ணையும் கல்லையும் அளக்கும் பொறியாளர்களாக உங்களில் சிலராவது வர வேண்டும். இந்த மலையில் பிறந்த பிள்ளையே இந்த மலையை அளக்க வந்தால், அது சொல்லும் சேதி காகிதத்தோடு நின்றுவிடாமல் லயத்து வாசல்வரை வந்து சேரும்.

சொன்னபடி கடைசியில் சொல்லிவிடுகிறேன்: நன்றாகப் படியுங்கள், பெற்றோரை மதியுங்கள்!